ஐந்து வாட், காலை பத்துக்குள்

நொலீன் மாமனாரின் தலையணையை நிமிர்த்தி, தந்தி விசையை அவர் விரலுக்கடியில் தள்ளிவைத்தாள். ஆன்டெனாக் கம்பி உள்ளே வருவதால் ஜன்னல் மூடாது. கடலோர ஊரான பர்னியின் ஜூலைக் குளிர்காற்று அந்த இரண்டங்குல இடைவெளியில் ஆறு வருடமாகக் குடியிருந்தது. அடைப்பதற்கு ஒரு பழைய துண்டு.

"மணி என்னம்மா?"

"ஒன்பதரை, மாமா. இன்னிக்கு ஒருநாள் விட்டுடுங்களேன்."

"பத்துக்கு நாள் மாறிடும்."

பொழுதுபோக்காகத் தந்தி தட்டும் ரேடியோக்காரர்களுக்கு உலக நேரம்தான் கணக்கு. ஊருக்கெல்லாம் நள்ளிரவில் மாறுகிற தேதி, இந்த வீட்டில் காலை பத்துக்கு மாறியது.

அவர் தனக்கே விட்டுக்கொண்ட சவால்: தன் அழைப்புக்குத் தினம் ஒருவராவது பதில் தட்ட வேண்டும், அதுவும் அனுப்பும் சக்தி ஐந்து வாட்டுக்கு மேல் போகாமல். ஃபிரிட்ஜ் விளக்கே அதைவிடத் தாராளம். முப்பது நாள் என்றுதான் மாமனார் மெர்வின் ஆரம்பித்தார். முப்பது நூறாகி, நூறு ஆயிரமாகி, இன்று இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. கணவன் கிரெய்க் மேற்கே சுரங்கத்தில். தன்னோடு டவுன்ஸ்வில்லில் வந்து இருக்கச் சொல்லித் தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டாள். சவால் விட்டவர் ஒருவர், மாட்டிக்கொண்டவள் வேறொருத்தி.

"விட்டா என்ன, உலகமா கவுந்துடும்?"

"உனக்குப் பொறாமை. உன்னை நியூசிலாந்துலேர்ந்து யாராவது கூப்பிடறாங்களா?"

"இந்த வீட்டுக்குள்ளேர்ந்தே யாரும் கூப்பிடறதில்ல, டீ வேணும்னாத் தவிர."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. தன் அழைப்புப் பெயரை இன்னொரு முறை தட்டினார். ரேடியோப் பெட்டியில் வெறும் இரைச்சல். விரல் விசைமேலேயே நின்றுவிட்டது. நொலீன் காத்திருந்தாள். பிறகு அவர் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். மணி ஒன்பது ஐம்பத்தொன்று.

அப்போதுதான் பெட்டி பேசியது. நியூசிலாந்தில் இன்வர்கார்கில் ஊரிலிருந்து வின்ஸ், மாமாவின் பழைய ரேடியோக் கூட்டாளி. மெர்வினின் அழைப்புப் பெயர், பின்னால் ஒரு கேள்விக்குறி. அவளுக்கு யாரும் மோர்ஸ் கற்றுத்தரவில்லை. ஆறு வருடம் சுவருக்கு இந்தப்பக்கம் பாத்திரம் தேய்த்தால் எந்த மொழியும் வந்துவிடும்.

உரிமம் இல்லாதவள் தட்டக்கூடாது என்பது அரசாங்கத்தின் சட்டம். கை மாறினால் அந்த நாள் செல்லாது என்பது மாமாவின் சட்டம்.

அவள் அவருடைய ஆள்காட்டி விரலைத் தன் விரல்களுக்குள் பிடித்துக்கொண்டாள். கை அவருடையதுதானே. இன்னும் சூடு இருந்தது. அழைப்புப் பெயரையும் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்ற மதிப்பெண்ணையும் தட்டுத்தடுமாறி அனுப்பினாள்.

நடையை வைத்து ஆளைச் சொல்வதுபோல, இவர்கள் தட்டுவதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். வின்ஸ் கேட்டார்: "இது மெர்வின் கை இல்லையே. யாரு?"

"மருமக," என்று தட்டினாள். கொஞ்சம் பொறுத்து, "விரல் அவரோடது."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பத்தெட்டு.

பிறகு வின்ஸ், குழந்தைக்கு ஊட்டுவதுபோல எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, முழு மதிப்பெண் அனுப்பினார். அதன் பின்னால்: "எழுதிக்கிட்டேன். நாள் செல்லும்."

அவளும் நோட்டில் எழுதினாள். பெட்டியை அணைத்தாள். பத்தடித்தது.

இனி ஜன்னலை மூடலாம். கம்பியைக் கழற்றப் போனவள், கீழே விழுந்துகிடந்த துண்டை எடுத்து, வழக்கம்போல அந்த இடைவெளியில் திணித்தாள்.