காலை மாத்திரை

வேணிக்கு லூபஸ் நோய் வந்து எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது ஊரே "ஐயோ பாவம்" என்றது. அதற்குப் போட்ட ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியதும் அதே ஊர், "இப்பத்தான் பூசினாப்ல அழகா இருக்கே!" என்றது. நரம்பில்லாத நாக்கு, எப்படியும் பேசும்.

கடை மேனேஜருக்கு அந்த அழகு பிடிக்கவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடையில் பட்டுப்புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டுகிறவள் வேணி. அவள் தோளில் விழுந்த புடவை விற்காமல் அலமாரிக்குத் திரும்பியதில்லை. அவளைத்தான் மனுஷன் துண்டு, லுங்கிப் பக்கம் மாற்றினார். அன்றைக்கு உறையூர் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

அந்த வாரம் புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சபீனா அவள் எடையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொழுப்பு சும்மா மூட்டையாட்டம் கிடக்குதுன்னு நினைக்காதீங்கம்மா. அதுவும் ஹார்மோன் சுரக்குது. லெப்டின்னு ஒண்ணு, எதிர்ப்பு சக்தியை உசுப்பி விடும். உங்களுக்கு ஏற்கெனவே அந்த எதிர்ப்புப் படை சொந்த உடம்பையே அடிக்குது. இதனாலதான் நோயே வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா எடை குறைஞ்சா நல்லது, மெதுவா. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

கடைசிப் பேச்சு வேணியின் காதில் ஏறவேயில்லை. கொழுப்பு எதிரி. அதைக் கொண்டுவந்தது மாத்திரை. அப்போது மாத்திரையும் எதிரிதானே?

புரட்டாசி பிறந்தது. "மாசம் பூரா பெருமாளுக்கு விரதம். ராத்திரி ஒருவேளைதான் சாப்பாடு" என்று சொல்லிவிட்டாள். அது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரை. சாப்பாடே இல்லாதபோது மாத்திரை ஏது? பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் கணவன் ஜெய்சங்கர், பெருமாள் காரியத்தில் குறுக்கே பேசமாட்டான்.

கன்னம் வற்றியது. கண்ணாடியில் பழைய வேணி எட்டிப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தில் மூட்டுவலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள், பைத்தியக்காரி. கடைசிச் சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் தரிசன வரிசையில் நின்றவள் கண் இருட்டிச் சாய்ந்தாள்.

விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். எதிரே சபீனா, கோபம் அடங்காமல்.

"ஸ்டீராய்டைத் திடுதிப்புன்னு நிறுத்தினா உயிரே போயிடும்மா! யூரின்ல புரோட்டீன் வேற போகுது, கிட்னி அடிபடுது. நோய் அடங்கினா மாத்திரையைக் குறைப்போம், முகம் திரும்பி வரும். கிட்னி போனா வராது."

அவர் போனதும் வேணி கன்னத்தைத் தடவிக்கொண்டே, "பட்டு செக்‌ஷனுக்கு என்னைத் திரும்பக் கூப்பிடவே மாட்டாங்க" என்று விசும்பினாள்.

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த ஜெய்சங்கர் இட்லியைப் பிட்டு அவள் வாயருகே நீட்டினான்.

"புரட்டாசி இன்னும் முடியலைங்க. பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரா?"

"கோவிச்சுக்கிட்டா நான் போய்ப் பேசிக்கிறேன். எனக்குப் புடவை காட்டுறவ வேணாம்டி, நீ இருந்தாப் போதும். முழுங்கு."

வேணி முழுங்கினாள். அப்புறம் அவளாகவே கையை நீட்டினாள், மாத்திரைக்கு.