அவசரம் என்று தலைப்பிட்டவை

கும்மிடிப்பூண்டி பஜாரில், மாடிப்படி ஏறிப் போகிற பிரவுசிங் சென்டரின் கடைசிக் கேபினில் உட்கார்ந்து மொஹசின் குப்பை கொட்டிக்கொண்டிருந்தான். அந்த வேலைக்கு அவன் வைத்திருந்த பெயர் அது. செகண்ட் ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் டிபன் பாக்ஸைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘பழுது மன்றம்’ என்ற இணையதளத்தில் வந்து குவிந்திருக்கும் பதிவுகளில் எது இருக்கலாம், எது போகலாம் என்று பிரிப்பான். சம்பளம் கிடையாது. பிரவுசிங் செலவும் கைக்காசுதான். டி.வி., இன்வெர்ட்டர், செல்போன் என்று எது கெட்டுப்போனாலும் அங்கே தமிழில் கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் ஆரம்பித்ததுதான், யார் இல்லையென்றது? ஆனால் ஜனம் சேர்ந்துவிட்டால் யாராவது ஒருத்தன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே. அந்த விசில் மொஹசினிடம் இருந்தது.

பழவேற்காட்டில் மளிகை மண்டி வைத்திருக்கும் அப்துல் கனியின் மகன் அவன். கல்லாவில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து டிப்ளமோ படித்து, சிப்காட்டில் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் செக்‌ஷனுக்குப் போய்ச் சேர்ந்தான். கம்பெனியில் அவன் சொல்லி ஒரு பெஞ்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் யாரும் நகர்த்தியதில்லை. மன்றத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். தெரியாத ஊர்களில் இருக்கிற பெரிய பெரிய மெக்கானிக்குகள் கூட ‘மொஹசின் சார்’ என்று எழுதினார்கள். அவன் மனைவி நௌஷீனுக்கு மட்டும் இதில் மரியாதை வரவில்லை. “ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க, நம்ம ஊட்டு மிக்ஸியை மட்டும் உங்க மன்றத்துல சேத்துக்க மாட்டீங்களா?” என்பாள்.

அவன் போட்ட சட்டங்களில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது ‘அவசரம்’ பற்றியது. தலைப்பில் அந்த வார்த்தை இருந்தால் பதிவு வெளியே வராது, தனியாக ஒதுங்கி நிற்கும். பின்னே என்ன? ரிமோட்டில் ஒரு பொத்தான் அமுங்கவில்லை என்பவனும் அவசரம் என்கிறான், எஃப்.எம்.மில் கரகரப்பு என்பவனும் அவசரம் என்கிறான். எல்லாருக்கும் அவசரம் என்றால் யாருக்குத்தான் பொறுமை? ஒதுங்கி நிற்பவற்றை மொஹசின் மேலோட்டமாகப் பார்த்து, ஒரு பொத்தானை அழுத்துவான். பதிவு குப்பைத் தொட்டிக்குப் போகும். எழுதியவருக்கு வழக்கமான பதில் போகும். செல்போனுக்கான வழக்கமான பதில் இது: ‘கம்பெனி லோகோவோடு நின்றுவிடும் போன்களை முதலில் பக்கத்துக் கடையில் கொடுத்து ஃப்ளாஷ் செய்யுங்கள், அதாவது புது சாஃப்ட்வேர் ஏற்றுங்கள். அதன் பிறகும் சரியாகாவிட்டால் மாடல் எண்ணோடு புதிய பதிவு இடவும். அன்புடன், மொஹசின், நெறியாளர்.’ தப்பான யோசனை இல்லை. முக்கால்வாசிப் போன்கள் அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

அன்று ஒதுங்கி நின்றவற்றில் ஒன்றின் தலைப்பு, ‘அவசரம் அவசரம் சார் ப்ளீஸ்’. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, புள்ளியும் இல்லாமல் கமாவும் இல்லாமல் நீளமாகப் போயிருந்தது. கண் வலிக்கும் அதைப் படித்தால். முதல் வரியில் ‘போன் ஆன் பண்ணா லோகோ வந்து நின்னுடுது’ என்று இருந்தது. அது போதும் அவனுக்கு. பொத்தானை அழுத்தினான். மீதி இருந்தவற்றையும் தள்ளிவிட்டு, மன்றம் சுத்தமாக இருப்பதை ஒருமுறை திருப்தியாகப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி டீ சொன்னான்.

டீ கைக்கு வருவதற்குள் போன் அடித்தது. விக்டோரியா. மன்றத்தின் இன்னொரு நெறியாளர். வேப்பம்பட்டில் வீட்டு முன்னறையில் கணவரோடு டி.வி. ரிப்பேர் கடை நடத்துகிறவர். குப்பைத் தொட்டியைக் காலி செய்வது அவர் பொறுப்பு. காலி செய்வதற்கு முன் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படிப்பார். “குப்பையை யாராவது படிப்பாங்களாக்கா?” என்று மொஹசின் அவரைக் கிண்டல் செய்வதுண்டு.

“மொஹசின், அஸ்வினின்னு ஒரு பொண்ணு போட்டிருந்துச்சே, அத்த முழுசாப் படிச்சியா நீ?”

“லோகோல நிக்கிதுன்னு சொல்லிச்சு. ஃப்ளாஷ் பண்ணச் சொல்லி அனுப்பிட்டேன்க்கா. இன்னா இப்போ?”

“படிச்சியாடா?”

அக்கா அவனை ஒருநாளும் ‘டா’ போட்டதில்லை. அப்போதுதான் கைக்கு வந்த டீ கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தான். விக்டோரியா படித்துக் காட்டினார். ‘சார் என் ஊட்டுக்காரர் பேர் ஹேமநாத் எங்க ஊரு ஆரம்பாக்கம் சிப்காட்ல காண்ட்ராக்ட் வேலை மெஷின்ல கை போயிடுச்சு ஜி.எச்.ல கீறாரு காண்ட்ராக்டர் எங்க ஆளே இல்லங்கறான் ஐ.டி. கார்டு கெடையாது கூட வேலை செஞ்சவங்க பயப்படறாங்க நாளைக்கு லேபர் ஆபீஸ்ல விசாரணை இவரு அந்த மெஷினாண்ட நின்னு ஒரு நாள் விளையாட்டா வீடியோ எடுத்தாரு பின்னாடி சூப்பர்வைசர் இவர் பேர் சொல்லித் திட்டுவாரு எனக்குப் போட்டுக் காட்டி சிரிச்சாரு அது போனுக்குள்ள கீது மெமரி கார்டு போடல போன் வேணாம் சார் அந்த வீடியோ மட்டும் எடுத்துக் குடுங்க.’

ஃப்ளாஷ் என்றால் சும்மா சாஃப்ட்வேர் ஏற்றுவது இல்லை. முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுத ஆரம்பிக்கும். துடைத்த பிறகு ஆண்டவனாலும் எடுக்க முடியாது. சாஃப்ட்வேரைத் தொடாமல் போனைத் திறந்து, மெமரியைத் தனியாகப் படித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. மன்றத்திலேயே அது தெரிந்தவர்கள் இருந்தார்கள். பதிவு அவர்கள் கண்ணில் பட்டிருந்தால் போதும். படவிடாமல் செய்தவன் மொஹசின்.

“பதில் வேற போட்டிருக்கா,” என்றார் விக்டோரியா. “‘ரொம்ப நன்றி சார், நீங்க சொன்ன மாதிரியே எங்க ஊர்க் கடையில இப்பவே குடுக்கறேன்’னு. அவளாண்ட வேற போனும் இல்ல போலகீது. நம்பர் எதுவும் போடல. குடுக்காதன்னு எழுதினேன், அதுக்குள்ள எழுந்து போயிட்டா போல.”

“நான் போறேன்க்கா,” என்றான். ஷிப்டு ஞாபகத்துக்கு வந்தது. போனால் போகட்டும். டீக்குக் காசு கொடுத்தானா என்பதும் அவனுக்கு நினைவில்லை. ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, ஆந்திரா பக்கம் போகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

வெயில் சுட்டெரித்தது. ஜி.என்.டி. ரோட்டில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நகர்ந்தன, அதாவது நகரவில்லை. மொஹசின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழியில் தெரிந்த ஒவ்வொரு கடையிலும் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தான். மின்வெட்டைத் திட்டாமல் ஒரு நாளும் அவன் சோறு தின்றதில்லை. ஸ்டெபிலைசர் கம்பெனிக்காரனே திட்டினால் எப்படி என்று கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். இன்று அவன் உதடு அசைந்து வேண்டிக்கொண்டிருந்தது. யா அல்லாஹ், ஆரம்பாக்கத்தில் கரண்ட் போகட்டும். சாயங்காலம் வரைக்கும் வராமல் இருக்கட்டும். கடைக்காரன் சாப்பிடப் போயிருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கு வழியில் செருப்பாவது அறுந்து தொலையட்டும்.

விக்டோரியா மறுபடி கூப்பிட்டார். “ஆரம்பாக்கத்துல செல்போன் கடை நம்பர் யாருக்காச்சும் தெரியுமான்னு மன்றத்துல போட்டேன். வரவே மாட்டேங்குது.”

“ஏன்க்கா?”

“அவசரம்னு தலைப்பு வச்சேன். உன் சட்டம் புட்ச்சி வச்சிக்கிச்சு.”

மொஹசினுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தச் சட்டத்துக்கு நெறியாளர் என்றும் கிடையாது, மற்றவர் என்றும் கிடையாது. பாரபட்சம் கூடாது என்று அவன்தான் அப்படி வைத்திருந்தான். அதைப் பெருமையாக வேறு எழுதியிருந்தான்.

“அந்த வார்த்தையை எட்த்துட்டுப் போடுங்கக்கா.”

“எட்த்துட்டு இன்னான்னு போடறது? ‘கவனிக்கவும்’னா? எவன் கவனிப்பான்?” என்று சொல்லிவிட்டு வைத்தார். எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால் பஸ் அடியோடு நின்றபோது மூன்றாவது முறையாகப் போன் வந்தது. “ஒருத்தன் பதில் போட்டிருக்கான்.”

“நம்பர் குட்த்தானா?”

“இல்ல. ‘மாடல் எண் குறிப்பிடாத பதிவுகளுக்கு இங்கே பதில் கிடையாது, விதிகளைப் படிக்கவும்’னு போட்டிருக்கான். நல்லாத்தான் பழக்கி வச்சிருக்க நீ.”

மொஹசின் பஸ்ஸிலிருந்து குதித்தான். லாரிகளுக்கு நடுவில் ஓடினான். ஓடுகிறவன் முகத்தைப் பார்த்தோ என்னவோ, மீன் கூடையை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு மொபெட்காரர் தானாகவே நிறுத்தினார். “ஆஸ்பத்திரியா நைனா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினான். வேறு எப்படிச் சொல்வது? அந்த மனிதர் ரோட்டை விட்டு மண்ணில் இறக்கி, நெல்வயல் ஓரமாகவே ஓட்டிக் கொண்டுபோய் ஆரம்பாக்கம் பஜாரில் விட்டார். “பேஜார் ஆவாத, ஒண்ணும் ஆவாது,” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்த வார்த்தையைக் கேட்டதும் மொஹசினுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

எதிரே சலூனில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் ஒரே ஒரு செல்போன் கடைதான். ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத அகலம். கண்ணாடிப் பெட்டி நிறைய சார்ஜர்கள், கவர்கள். உள்ளே பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதிலிருந்து ஒரு ஒயர் போய், முதுகு திறந்து கிடந்த சின்னப் போனுக்குள் நுழைந்திருந்தது. ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்து மூன்று, நான்குதான் இருக்கும். மடியில் மஞ்சள் பை, அதிலிருந்து எக்ஸ்ரே கவர் நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்து வேர்வையைத் துடைக்கக்கூட மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துங்க!” என்றான் மொஹசின். “அண்ணே, அத நிறுத்துங்க.”

கடைக்காரர் தாவீது நிதானமான ஆள். திரும்பிப் பார்த்தார். “ஃப்ளாஷ் ஓடினு கீது சார். நடுவுல இழுத்தா போன் செத்துடும். நீங்க யாரு?”

மொஹசின் அதற்குள் திரையைப் படித்துவிட்டான். அழிப்பது முடிந்தது என்ற வரி மேலே போயிருந்தது. அதற்குக் கீழே எழுதுவது ஆரம்பித்திருந்தது. ஒயரைப் பிடுங்க நீண்ட கை அப்படியே நின்றது. பிடுங்கினாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். இது அவனுக்குத் தெரியும், தாவீதுக்கும் தெரியும். அந்தக் கடையில் இது தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

“உள்ள இருக்கறதுலாம் போயிடும்னு சொன்னீங்களா இவங்களாண்ட?” என்று கேட்டான்.

“நம்பர்லாம் போயிடும், எழுதி வச்சிக்கினியாமான்னு கேட்டேனே. போனாப் போவட்டும்னுச்சு,” என்றார் தாவீது. எல்லாக் கடையிலும் கேட்கிற கேள்விதான். போனுக்குள் நம்பரைத் தவிர வேறு என்ன இருந்துவிடப் போகிறது? அவர் பேரிலும் குற்றம் சொல்வதற்கில்லை.

அவள் இப்போதுதான் இவனை முழுசாகப் பார்த்தாள். பயந்து போய் எழுந்தாள். “இன்னா சார் ஆச்சு? நீங்க யாரு?”

“நான்... மன்றத்துலேர்ந்து. மொஹசின்.”

அவள் முகம் மாறியதைப் பார்க்க முடியாமல் அவன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். பார்க்காமலே தெரிந்தது. அவ்வளவு பெரிய சந்தோஷம் அந்தச் சின்னக் கடையில் ஒளிந்துகொள்ள இடம் ஏது? “மொஹசின் சாரா? அய்யோ, நீங்களே வந்துட்டீங்களா! எனக்காகவா சார்? பதிலே வராதுன்னு பிரவுசிங் சென்டர்க்காரரு சொன்னாரு சார். நீங்க ஒடனே போட்டீங்க. இவுருகிட்ட குடுத்தப்போ கூட லேட்டாவும், நாளைக்கு வாம்மான்னாரு. நான்தான் உட மாட்டேன்னு ஒக்காந்துக்கினேன். சார் சொல்லிட்டாரு, இப்பவே பண்ணுங்கன்னு.”

“அம்மா...” என்று ஆரம்பித்தான். தாவீது ஏதோ புரிந்தவர் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மொஹசினின் சட்டைப் பையில் போன் அடித்தது. விக்டோரியாவாகத்தான் இருக்கும். எடுக்காமல் விட்டான். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

“அவுரு காத்தாலேர்ந்து நாஷ்டா கூட துன்னல சார். வீடியோ வந்துடும், நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்,” என்றாள் அஸ்வினி. மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்டூலைக் காலால் நகர்த்தி, சுவரோடு ஒட்டி நின்று அவனுக்கும் இடம் விட்டாள். திரையில் பச்சைப் பட்டை பாதியைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டிருந்தது. அவள் விரலால் அதைத் தொட்டுக் காட்டினாள்.

“இங்க வந்து பாருங்க சார். ரொம்பிக்கினே வருது.”