உப்பு கிடைக்காத ஊர்

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புகள் இரண்டு இருந்தன. மேட்டில் இருந்தது மேல் லைன், ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ் லைன். நடுவில் இருபது நிமிட நடை. சிலோன் மலைத்தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள்தான் இரண்டிலும். ஒரே பேச்சு, ஒரே சாமி, ஒரே ரத்தக் கொதிப்பு.

அந்த ரத்தக் கொதிப்பைப் பற்றி ஆராய மெயின்லேண்டிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் குறைந்த உப்பைச் சமையலில் போட்டால் பக்கவாதமும் மாரடைப்பும் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு லைனுக்கு உப்பு கொடுப்பார்கள், மற்றதற்குக் கொடுக்கமாட்டார்கள், இரண்டையும் இரண்டு வருஷம் அளப்பார்கள். எந்த லைனுக்கு என்பதைச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. உப்பு மேல் லைனுக்கு விழுந்தது.

அளக்கும் வேலை மங்கையர்க்கரசிக்குக் கிடைத்தது. முப்பது வயது, கல்யாணமாகவில்லை, பிளஸ் டூ படித்தவள். அவளுக்குப் பத்து வயதில் சுனாமி அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோயிற்று. அதன்பிறகு அண்ணன் அழகையாதான் எல்லாம். ரப்பர் பால் வெட்டிக்கொண்டே அவளைப் போர்ட் பிளேர் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைத்தான். அவனும் மனைவி ஜெயமணியும் மகள் சுதாவும் கீழ் லைனில் இருந்தார்கள். நாலு வீடு தள்ளி மங்கை தனியே இருந்தாள்.

முதல் சுற்றில் அண்ணனின் கையில் பட்டையைக் கட்டி அளந்தாள். மெஷின் நூற்றெண்பதுக்கு மேல் காட்டியது. மறுபடி வைத்தாள். அதே.

"என்னா மங்கை, பாஸா ஃபெயிலா?" என்று அழகையா சிரித்தான்.

"ரொம்ப ஜாஸ்திண்ணே. அஸ்பத்தால்ல குடுத்த மாத்திரைய ஒழுங்கா போடுறியா?"

"ஜஹாஜ் கரைக்கு வந்தா மாத்திரை வரும். மாத்திரை வந்தா போடுவேன்."

நாரிவலிக்கு மட்டும் அவனிடம் எப்போதும் மாத்திரை இருக்கும். குனிந்து குனிந்து மரத்தைக் கீறுகிறவனுக்கு இடுப்பு விட்டுப்போகும். தினமும் ஒன்று போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். பதினைந்து வருஷமாக அப்படித்தான்.

ஆய்வை நடத்திய டாக்டர் சிவப்பிரகாசத்திடம் மங்கை போனில் கேட்டாள். அவர் மதுரைக்காரர், மரியாதையாகப் பேசுவார்.

"சார், எங்க அண்ணனுக்கு மட்டும் அந்த உப்பு தரமுடியுமா?"

"அது முடியாதும்மா. கீழ் லைன்ல ஒரு வீட்டுக்குக் கொடுத்தாலும் ஆய்வு கெட்டுப்போகும். அவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுங்க. அதுதான் நாம செய்யலாம்."

எழுதிக் கொடுத்தாள். அழகையா அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினான்.

மாதாமாதம் அவள்தான் மேல் லைனுக்கு உப்பு பாக்கெட்டுகளைச் சுமந்துபோய்க் கொடுத்தாள். ஆறு மாதம் போனதும் மேல் லைன் எண்கள் இறங்குவதைக் கண்ணால் கண்டாள். நூற்றறுபது இருந்தவர்கள் நூற்றைம்பதுக்கு வந்தார்கள். கீழ் லைனில் ஒரு எண்ணும் அசையவில்லை. ஏழாம் மாதத்திலிருந்து, ஊருக்குப் போய்விட்ட ஒரு மேல் லைன் குடும்பத்தின் பாக்கெட்டுகள் மாதாமாதம் மிஞ்சின. அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். மங்கை அனுப்பவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்தாள். பொட்டாசியம் சேர்ந்தது, சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் உபயோகிக்கக் கூடாது. அண்ணனுக்கு இருப்பது பிரஷர். சிறுநீரகத்தில் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. மேல் லைனில்கூட மூன்று வீட்டுக்கு உப்பு கொடுக்காதே என்று ஆபீஸ் பட்டியலில் குறுக்குக் கோடு போட்டிருந்தார்கள். காரணம் கேட்டதற்கு, "ரத்த ரிப்போர்ட் அப்படி, நீங்க லிஸ்ட் பிரகாரம் கொடுங்க" என்றார்கள். கீழ் லைனிலும் அவளேதான் எல்லோருக்கும் ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கப்பலில் ஏற்றினாள். அண்ணன் ரத்தமும் போயிற்று. ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாள்.

"அண்ணி, இனிமே சமையலுக்கு இதைத்தான் போடணும்" என்று பாக்கெட்டுகளை ஜெயமணியின் மடியில் வைத்தாள். "யாருக்கும் சொல்லிறாத, என் வேலை போயிரும்."

ஜெயமணி ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "கொஞ்சம் கசக்குதே."

"மருந்து கசக்கத்தான் செய்யும்."

பன்னிரண்டாம் மாதச் சுற்றில் அழகையாவின் அளவு பத்துப் புள்ளி இறங்கியிருந்தது. அன்று மங்கைக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயமணி மீன்குழம்பு வைத்துக் கூப்பிட்டாள். நாலுபேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அழகையா குழம்பைச் சோற்றில் ஊற்றி ஊற்றிப் பிசைந்தான். "தங்கச்சிய படிக்கவச்சது வீண்போகலே" என்று மகளிடம் இரண்டு தடவை சொன்னான்.

நாலு மாதம் கழிந்தது. அழகையாவின் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. உடம்பெல்லாம் அரித்தது. மழைக்காலத்துச் சேற்றுப்புண் என்று தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி மங்கை இரண்டு தடவை சண்டை போட்டாள். வெட்டு சீசன் முடியட்டும் என்றான். கை கால் கனக்கிறது என்றும் சொன்னான். அதற்கும் நாரிவலி மாத்திரையையே போட்டான்.

ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் ஒரு மரத்தை வெட்டிவிட்டு அடுத்த மரத்துக்கு எழுந்தான். கால்கள் எழவில்லை. பக்கத்து நிரையில் இருந்தவர்கள் பார்த்தபோது, உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் தன் தொடையைத் தூக்கிவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பயந்துபோய்ச் சிரித்தான் என்று பிறகு சொன்னார்கள். ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மங்கையும் ஜெயமணியும் ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் பஞ்சாபிலிருந்து வந்திருந்த இளவயது டாக்டர். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார். தாளைக் கையில் நீளமாகப் பிடித்துப் பார்த்தவர் முகம் மாறியது. ஹிந்தியில் படபடவென்று கேட்டார். "கிட்னி பீமாரி இருக்கா? டயாலிசிஸ் பண்ணியிருக்கா?"

"இல்ல சாப்" என்றாள் மங்கை.

"இளநீர் நிறையக் குடிப்பாரா? நாட்டு மருந்து ஏதாவது?"

"இல்ல."

"ரத்தத்தில் பொட்டாசியம் ஏகமாக ஏறியிருக்கிறது. இதயத்தை நிறுத்திவிடும். எங்கிருந்து வந்தது?"

பொட்டாசியம் என்ற சொல்லை மங்கை பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரே ஓர் இடத்தில்தான் படித்திருந்தாள். ஜெயமணி அவள் கையைப் பிடித்து, "என்னா கேக்குறாரு, என்னா கேக்குறாரு" என்று உலுக்கினாள். டாக்டர் மங்கையின் முகத்தையே பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள்.

"தெரியல சாப்" என்றாள்.

டாக்டர் காத்திருக்கவில்லை. கையிலிருந்த ஊசிகளையெல்லாம் போட்டார். போர்ட் பிளேருக்குப் பேசி ஹெலிகாப்டர் கேட்டார். வருகிறது என்றார்கள். பிறகு மேகம் இறங்கியிருக்கிறது, விலகட்டும் என்றார்கள். பதினோரு மணிக்கு அழகையாவின் துடிப்பு கொஞ்சம் சீராகி, தண்ணீர் கேட்டான். மங்கை பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். "ஹெலிகாப்டர்ல போகப்போறேனா?" என்றான். அவன் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. "ஆமாண்ணே" என்றாள். இரண்டரை மணிக்கு ஈசிஜி கோடு அகன்று அகன்று ஒரே அலையாகி நின்றது. நாலு மணிக்கு வெயில் அடித்தது.

ஆய்வில் சேர்ந்தவர் யார் இறந்தாலும் பத்து நாளுக்குள் வீட்டுக்குப் போய் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கீழ் லைனுக்கு மங்கைதான் ஆள். தன் அண்ணன் எப்படிச் செத்தான் என்று தன்னையே கேட்டு எழுத உட்கார்ந்தாள். பதினேழாம் கேள்வி: வீட்டில் உபயோகித்த உப்பு எது? அதற்குமேல் கை ஓடவில்லை. சிவப்பிரகாசத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"வேற எத்தனை வீட்டுக்குக் கொடுத்தீங்க?"

"எங்க அண்ணன் வீட்டுக்கு மட்டும்தான் சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

அவர் மூச்சுவிடுவது கேட்டது. "நல்லது" என்றார். "அப்ப ஆய்வுக்குப் பெரிய பாதிப்பு இல்ல."

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். போர்ட் பிளேர் ஃப்ரீசரில் இருந்த அழகையாவின் ரத்த மாதிரியை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னாராம். "முதல் சுற்றிலேயே சிறுநீரகம் கிட்டத்தட்ட போயிருக்கும்மா. பிரஷரும் வலி மாத்திரையும் சேர்ந்து செஞ்ச வேலை. அவர் எப்படியும் ரொம்ப நாள் தாங்கியிருக்கமாட்டார். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

"முதல் சுற்றிலேயா சார்? ஒன்றரை வருஷம் முன்னாடி எடுத்த ரத்தம். ஏன் பார்க்கலே?"

"மேல் லைன் ரத்தத்தை உடனே பார்த்தோம், உப்பு கொடுக்கிறதால. கீழ் லைனுக்கு எதுவும் கொடுக்கலியே. கடைசியில் மொத்தமா பார்க்கிறதா விதி. ஒரே மெஷின்ல ஒரே தடவையா பார்த்தாத்தான் எண் சுத்தமா இருக்கும்."

மங்கை படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பதினேழாவது கேள்விக்கு உண்மையை எழுதுங்க. ஆய்வோட பாதுகாப்புக் குழுவுக்கு நானும் ஒரு வரி எழுதுறேன். ஆனா அவர் கீழ் லைன்லதான் இருப்பார்."

"புரியல சார்."

"விதி அதுதாம்மா. ஒருத்தர் எதைச் சாப்பிட்டார்னு பார்க்கிறதில்ல. குலுக்கல்ல எந்தப் பக்கம் விழுந்தாரோ அந்தப் பக்கம்தான் எண்ணுவோம். உங்க அண்ணன் உப்பு கிடைக்காத ஊர்ல நடந்த மரணம்."

அவர் போனை வைத்தபிறகு அவளுக்கு மெல்லப் புரிந்தது. அந்த உப்பைத் தின்று செத்தவன், அந்த உப்பு இல்லாததால் செத்தவர்கள் பக்கத்தில் ஓர் ஆளாகச் சேர்ந்துவிட்டான். மேல் லைனில் ஒரு சாவும் இல்லை, கீழ் லைனில் மூன்று. மூன்றாவது அண்ணன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்தார்கள். சுதா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ஒரு காலை ஜெயமணி மங்கையின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மெலிந்து ரவிக்கை தொளதொளவென்று இருந்தது.

"அந்த உப்பு தீந்துபோச்சு மங்கை. இன்னும் ரெண்டு பாக்கெட் கொண்டாந்து குடேன்."

"எதுக்கு அண்ணி?"

"எனக்கும் தல சுத்துது. சுதாவுக்கு அப்பனும் போய் நானும் போனா என்னா கதி? அந்த உப்பாலதான் அவரு இத்தன மாசம் இருந்தாரு. இல்லாட்டி முன்னாடியே போயிருப்பாரு. ஒன்ன நெனச்சு நெனச்சுத்தான் தினம் வெளக்கு ஏத்துறேன்."

மங்கை இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஸ்டாக் வரவில்லை என்றிருக்கலாம். ஆனால் அந்த விளக்கைக் கேட்டபின் அவளால் முடியவில்லை. அண்ணியை உள்ளே உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள். பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருந்தது, ஃப்ரீசரில் கிடந்த ரத்தம், ஆஸ்பத்திரியில் தெரியல என்று சொன்னது, எல்லாம். சொல்லச் சொல்ல நெஞ்சில் ஏதோ இளகியது. அழுதாள்.

ஜெயமணி அழவில்லை. தன் வலதுகையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கசக்குதுன்னுவாரு" என்றாள். "கசக்கட்டும்னு நான் கூட ஒரு சிட்டிகை போடுவேன். கசப்பா இருந்தாத்தான் மருந்துன்னு நீ சொன்னியே."

"அண்ணி..."

"ஏன் என்கிட்ட சொன்ன?"

மங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒனக்குப் பாரம் தாங்கல. அதான் எறக்கிவச்சிட்ட. நான் சாமி கொண்டுபோச்சுன்னு இருந்தேன். இனிமே நான் எந்தக் கையால சோறு பொங்குறது?"

மங்கை அவள் காலைப் பிடித்தாள். ஜெயமணி காலை இழுத்துக்கொண்டாள். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"சுதாவுக்கு இது தெரியக்கூடாது. அத்தைன்னா உசுர விடுறா. நீ வராம இருந்தா ஏன்னு கேப்பா. அதனால நீ தினம் வரணும். எப்பவும் போல வந்து ஒக்காந்து திங்கணும். ஒரு நாளும் தப்பக்கூடாது."

அன்று மாலையே மங்கை போனாள். மறுநாளும் போனாள். ஆய்வு முடிந்து, மேல் லைன் பள்ளிக்கூடத்தில் சிவப்பிரகாசம் கூட்டம் போட்டு நல்ல முடிவு வந்திருக்கிறது என்று அறிவித்து, எல்லோரும் கைதட்டிய அன்றும் போனாள். சுதா தட்டை எடுத்துப் போடுவாள். "வா மங்கை, இன்னிக்கி கெண்டை நல்லாருக்கு, இன்னொரு துண்டு வச்சுக்க" என்று ஜெயமணி சிரித்துக்கொண்டே பரிமாறுவாள். தண்ணீர் பிடிக்க சுதா குடத்தோடு வெளியே இறங்கியதும் அந்தப் பேச்சு பாதியில் நின்றுவிடும். கரண்டி சட்டியிலேயே இருக்கும். ஜெயமணி சுவரைப் பார்த்து உட்காருவாள். குழாயடியிலிருந்து சுதா திரும்பும்வரை மங்கை தலையைக் குனிந்து, வாயில் இருப்பதை மென்றுகொண்டே இருப்பாள்.