உரிய காலத்தில்

சின்னவள் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளும் உலகப் பண்பாடுகளும் படிக்கிறாள் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் பெரிதாகத் தலையாட்டுவார்கள், அப்புறம் அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பார்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் அப்பாவுக்கும் அது விளங்கவில்லை. விளங்காத மரியாதையில் மகளுக்குத் ‘தூதர்’ என்று பெயர் வைத்துவிட்டார். தூதர் எழுந்தாச்சா, தூதர் தட்டைக் கழுவ மாட்டாங்களா என்று வீட்டில் ஒரே கேலி. அவளுக்கு உள்ளூர அது பிடித்திருந்தது, கோளாறே அங்கேதான் ஆரம்பம்.

மூன்றாம் ஆண்டில் உடன்படிக்கை எழுதும் பாடம் வந்தது. அதை நடத்தியவர் ஒரு காற்புள்ளிக்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார் என்பதால் மாணவர்கள் அவரைக் காற்புள்ளி என்றே அழைத்தார்கள். எந்த மக்கள் முகத்துக்கு நேரே மறுப்பார்கள், எந்த மக்கள் சும்மா இருந்தே மறுப்பார்கள் என்றெல்லாம் சுவையாகச் சொல்வார். அவர் சொன்ன ஒரு சங்கதி சின்னவளின் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாடுகள் எதற்கும் ஒத்துவராதபோது, இரண்டு விதமாகப் பொருள் கொள்ளக்கூடிய வார்த்தை ஒன்றைப் போட்டுவிடுவார்களாம். ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு இருவரும் சிரித்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்களாம். அதில் இருக்கும் ஆபத்தை அவர் அடுத்த வகுப்பில் சொன்னார். அதையும் அவள் குறித்துக்கொண்டாள், ஆனால் அடிக்கோடு போட்டதென்னவோ முதல் வகுப்புக் குறிப்புக்குத்தான்.

அந்த வாரம் அவள் அக்கா, பெரியவள், ஒரு பெட்டியும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையுமாகப் பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

பெரியவள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் கண் வைத்தாளானால் மணிக்கணக்கில் நிமிர மாட்டாள். பிரசவத்துக்கு எடுத்த நீண்ட விடுப்பு அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் இரு என்றார் அவள் கணவர். கெட்ட மனிதர் இல்லை. குரல்கூட உயர்த்த மாட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்பார், யோசித்துச் சொன்னதை மாற்றவும் மாட்டார். எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தே பழகிய பெரியவள் இந்த ஒன்றில் மட்டும் முடியாது என்று நின்றாள்.

ஒன்பது நாள் ஓடியது. அம்மா கையைப் பிசைந்துகொண்டு வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். அப்பாதான் சாப்பிடும்போது வாயைத் திறந்தார்.

“உலகத்துச் சண்டையெல்லாம் படிக்கிறியே தூதரே, இந்த வீட்டுச் சண்டையைத் தீர்த்து வையேன்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். தூதர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைக்கக் கூடாது என்பது பாடம். எனவே காலையில் அக்கா, மாலையில் பஸ் பிடித்துப் போய் அக்கா கணவரான மாமா. இரண்டு இடத்திலும் நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து, நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். நான்காம் நாள் ஏழு ஷரத்துகளோடு ஒரு தாள் தயாரானது. ஞாயிற்றுக்கிழமை யார் சமைப்பது என்பதுவரை அதில் இருந்தது. ஐந்தாவது ஷரத்து இது: ‘குழந்தையின் நலனைக் கருதி, மனைவி உரிய காலத்தில் வேலைக்குத் திரும்புவார்.’

மாமா படித்துவிட்டு, நியாயமாக எழுதியிருக்கிறாய், பள்ளிக்கூடம் சேர்த்த பிறகு தாராளமாகப் போகட்டும் என்றார். சின்னவள் தலையை ஆட்டினாள். பெரியவள் அந்த வரிக்கு வந்ததும் கொஞ்சம் நின்றாள்.

“உரிய காலம்னா இந்த மாசக் கடைசிதானே?”

“உன் லீவு எப்ப முடியுதுன்னு மாமாவுக்குத் தெரியாதா என்ன?” என்றாள் சின்னவள்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பெரியவள் கையெழுத்துப் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அன்று அப்பா தூதர் என்று கூப்பிட்டபோது குரலில் கேலி இல்லை. சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாடு அ, நாடு ஆ என்று மாற்றி அதையே பருவக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தாள். வகுப்பிலேயே முதல் மதிப்பெண்.

மாதக் கடைசியில் பெரியவள் வேலைக்குக் கிளம்பியபோது மாமா சத்தம் போடவில்லை. அலமாரியிலிருந்து தாளை எடுத்து ஐந்தாவது ஷரத்தைக் காட்டினார். அவள் தங்கைக்குப் போன் செய்தாள். சின்னவள் பரீட்சைக்கு நடுவில் இருந்தாள். மாமாவிடம் பொறுமையாகப் பேசு, அவசரப்படாதே என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரே வாரத்தில் இடம் போய்விட்டது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவள் இரண்டாம் முறை எந்த முகத்தோடு பெட்டியைத் தூக்குவாள்? பெரியவள் பேசாமல் இருந்துவிட்டாள். அவள் சமாதானமாகிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள், சின்னவளும் அப்படியே நினைக்கப் பார்த்தாள்.

நான்கு வருடம் கழித்துச் சின்னவளுக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. புத்தகங்களையும் காகிதங்களையும் பிரித்துக் கட்டப் பெரியவள் வந்திருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாயிற்று, மாமாவும் சொன்ன சொல் தவறாமல் சரி என்றுவிட்டார். பெரியவள்தான் மூன்று பரிசோதனைக் கூடங்களில் ஏறி இறங்கியிருந்தாள்.

“இப்பல்லாம் மெஷினே பார்த்துச் சொல்லிடுதாம். அதுல பழகின ஆள்தான் வேணுமாம்” என்றாள், சாமான் வாங்கப் போய்க் கிடைக்காமல் திரும்பியவளைப் போல.

பேசிக்கொண்டே ஒரு கட்டைப் பிரித்தவள் அப்படியே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். சின்னவள் நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கட்டுரை அக்காவின் மடியில் இருந்தது. பிடுங்க வேண்டும் போலிருந்தது, கை வரவில்லை. பெரியவள் கடைசிப் பக்கம்வரை போனாள். அங்கே காற்புள்ளி சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார். மதிப்பெண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் அன்று சின்னவள் அதற்குக் கீழே பார்க்கவே இல்லை. பெரியவள் வாய்விட்டுப் படித்தாள்.

“‘வார்த்தைக்கு இரண்டு பொருள் என்பது நாடு ஆ-வுக்குத் தெரியுமா?’” தாளை மூடினாள். “நாடு ஆ நான்தானே?”

இந்த ஏழு வருடத்தில் சின்னவள் கற்றுக்கொண்ட வழவழப்பான வாக்கியங்கள் அத்தனையும் நாக்கு நுனிவரை வந்தன. அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“ஆமாக்கா. மாமா வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். தப்பு என்னோடது.”

பெரியவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தாள். பெரியவள் கட்டின் மூலைகளைத் தட்டிச் சமப்படுத்தினாள்.

“அந்த வார்த்தை எனக்கு அன்னிக்கே இடிச்சுது” என்றாள். “வேற யார் எழுதியிருந்தாலும் அடிச்சுட்டுத் தேதியைப் போடச் சொல்லியிருப்பேன். எழுதினது நீயாச்சேன்னுதான் கையெழுத்துப் போட்டேன்.”

அப்புறம் கட்டைக் கயிறு போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, இதை எடுத்துப் போகிறாயா, இங்கேயே வைக்கட்டுமா என்று கேட்டாள்.