அக்கா டூட்டியை ஒப்படைத்த மத்தியானம்

1.
இந்தக் கதை ஒரு அவமானத்தில் பிறந்தது. என் அக்காவை ஐ.சி.யூவிலிருந்து வெளியே அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் நர்ஸாக நின்ற அதே ஐ.சி.யூ. அனுப்பியவள், தினமும் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிற நர்ஸ்.

உள்ளே நான்காம் படுக்கையில் அத்தான். நிமோனியா. தொண்டையில் குழாய், மூச்சுக்கு மெஷின், ஒன்பதாவது நாள்.

"அக்கா, பம்ப்பைத் தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"மருந்து மெதுவா போகுது."

"டாக்டர் சொன்ன அளவுலதான் போகுது. இப்ப நீங்க நர்ஸ் இல்லக்கா, பேஷண்டோட சம்சாரம். வெளியில உக்காருங்க, ப்ளீஸ்."

அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல்கள் மட்டும் இல்லாத எதையோ திருகிக்கொண்டேயிருந்தன.

2.
முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "விசுவாசம் என்பது இருளில் ஏற்றிய ஒரு..."

(வேண்டாம். ஒன்பது நாளாக ஒழுங்காகத் தலைவாராத ஒருத்தியைப் பற்றி எழுதும்போது விளக்கெல்லாம் ஏற்றக்கூடாது.)

அடுத்து: "அவள் முழங்காலில் விழுந்து..."

(விழவில்லை. அவளுக்கு மூட்டுவலி.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன், அழகுபடுத்த எனக்கும் தெம்பில்லை. அக்கா தினமும் ஜெபித்தாள். ஆனால் அந்த ஜெபம் மருந்துச்சீட்டு மாதிரி இருக்கும். "ஆண்டவரே, இன்னிக்கு ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சுக்கு வரணும். நாளைக்குக் காய்ச்சல் இறங்கணும். வியாழக்கிழமை குழாயை எடுக்கணும்." வியாழக்கிழமை வந்தது, போனது. குழாய் அப்படியே இருந்தது.

3.
வெளியே அனுப்பப்பட்ட அன்று மத்தியானம் இரண்டு மணி. டூட்டி மாறும் நேரம். போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியையும் விவரம் சொல்லி ஒப்படைப்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அக்கா அதையே பார்த்திருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, தணிந்த குரலில் பேச ஆரம்பித்தாள்.

"பெட் நம்பர் நாலு. வயசு அம்பத்தொண்ணு. ஸ்கூல் பஸ் டிரைவர். காலையில காய்ச்சல் நூத்தி ரெண்டு. இடது பக்கம் திருப்பிப் படுக்கவச்சா முகம் சுளிப்பாரு." கண்ணாடிக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "பயந்த சுபாவம். வெளியில காட்டிக்கமாட்டாரு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் ஆண்டவரே. இனிமே நீங்க பாத்துக்கோங்க. என் டூட்டி முடிஞ்சுது."

(எங்கள் சபையில் ஆண்டவரை 'நீர்' என்றுதான் அழைப்போம். அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவரிடம் பேசுவதுபோல அக்கா 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.)

செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் சுருண்டு தூங்கிப்போனாள்.

4.
இந்த இடத்தில் அத்தான் கண்விழித்தால் கதைக்கு நன்றாக இருக்கும். எழுதியும் பார்த்தேன்: "அதே நிமிடம் அவருடைய விரல்..."

(பொய். நாலு மணிக்குக் காய்ச்சல் இன்னும் ஏறியது.)

அக்காவை வெளியே அனுப்பிய நர்ஸ் ஓடிவந்தாள். "டாக்டர் பாத்துட்டிருக்கார், மருந்தை மாத்துறாங்க. அக்காவை எழுப்பவா?"

எழுப்பினால் உள்ளே பாய்வாள். எழுப்பாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால், ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டாள். எனக்கு ஜெபப் பழக்கம் விட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. ஆனாலும் சொன்னேன்: "வேண்டாம்மா. ஒப்படைச்சிட்டுத் தூங்கறா."

ஐந்தரைக்கு எழுந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கதவு வரைக்கும் போனாள், நின்றாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"டீ வாங்கிட்டு வாடா," என்றாள்.

5.
இன்று பன்னிரண்டாம் நாள், காலை. காய்ச்சல் இறங்கியிருக்கிறது. குழாயை எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். அத்தான் தானாக மூச்சுவிடலாம், விடாமலும் போகலாம். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முடிவும் எழுதினேன். ஒன்றில் அவர் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொன்றை இங்கே சொல்லமாட்டேன்.

அக்கா என் கையிலிருந்த தாள்களை எட்டிப் பார்த்தாள். "நீ எதுக்குடா ஆண்டவர் வேலையை இழுத்துப் போட்டுக்கறே?"

இரண்டையும் கிழித்தேன்.

டாக்டர் கதவைத் திறந்தார். "சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததில்ல. கூட நின்னு உதவி பண்றீங்களா?"

"இல்ல டாக்டர்." அக்கா எழுந்தாள். "நான் அவர் கையை மட்டும் பிடிச்சுக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் இதில் சேர்க்கமாட்டேன். நீங்கள் ஜெபிக்கிறவரானால் உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். இல்லையென்றால், சும்மா வந்து உட்காருங்கள். பெஞ்சில் இடமிருக்கிறது.