ஆறு முதல் ஒன்பது வயது வரை

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் பத்திரிகையின் பதினொன்றாம் பக்கத்தில் ஐந்து பெட்டிகள் வரும். நாவல், துப்பறியும் கதை, வரலாறு, சமையல், சிறுவர். புதிதாக வந்த புத்தகங்களில் பெட்டிக்கு ஒன்றாக எடுத்து, வாங்கிப் படியுங்கள் என்று சிபாரிசு செய்வது என் வேலை. முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. படிக்காமல் எப்படி? ஒரு தடவை பேருந்தில் துப்பறியும் நாவல் படித்துக்கொண்டு போய், கொலைகாரன் பிடிபட்ட இடத்தில்தான் இறங்கினேன். அது வேறு ஊர். வேறு மொழிகூடப் பேசினார்கள். இன்னொரு தடவை தடிமனான சமையல் புத்தகம் ஒன்றை ஒரே மூச்சில் படித்து முடித்ததில் எனக்கு மூன்று கிலோ எடை கூடிவிட்டது. என் மனைவி நம்பவில்லை. தராசு நம்பியது.

தராசு என்றதும் மச்சானைச் சொல்லியாக வேண்டும். என் மனைவியின் அண்ணன். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைத்தெருவில் உள்ள தராசு முள்ளெல்லாம் தானாக நடுவில் வந்து நிற்குமாம். அவர் சொன்னதுதான். ஓய்வு பெற்ற பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினார். 'பூனையிடம் சொன்னவை'. ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் போட்டது.

நடந்த கதைதான் அது. மச்சானின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு மச்சான் தகவல் சொல்லவில்லை. பரீட்சை நேரம். பையன் பரீட்சையை முடித்துக்கொண்டு பெட்டியோடு வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஏன் சொல்லல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். "பரீட்சை இருந்துச்சே" என்றார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. வீட்டில் ஒரு பூனை இருந்தது. மேனேஜர் என்று பெயர். அதற்கப்புறம் எதுவானாலும் மேனேஜர் வழியாகத்தான். "மேனேஜர், கரண்ட் பில் கட்டச் சொல்லு அந்த ஆளை." "மேனேஜர், கட்டியாச்சுன்னு சொல்லு அவர்கிட்ட." பூனை நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும். நாளடைவில் அது இரண்டு பேர் பேச்சிலும் கடுமையைக் குறைத்துச் சொல்லக் கற்றுக்கொண்டது என்று மச்சான் சத்தியம் செய்வார். நானே ஒருநாள் பார்த்தேன். மச்சான் "கழுதை" என்றார். பூனை அதை எடுத்துக்கொண்டு போகவே இல்லை.

பூனை செத்த வாரத்தில் மகன் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். பேசுவதற்கு ஆள் இல்லையே. கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்ததும், பெண் குழந்தை பிறந்ததும் என் மனைவி மூலமாகத்தான் மச்சானுக்குத் தெரிந்தன.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை என் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

"மாப்ளே, கடைசி அத்தியாயத்தைப் படி. மத்ததெல்லாம் சும்மா, அது வரைக்கும் கூட்டிட்டுப் போறதுக்கு எழுதினது."

கடைசி அத்தியாயம் நாலு பக்கம். சொல்லிவிட்டால் அவள் சாகப்போவது உறுதியாகிவிடும் என்று பயந்துதான் மகனுக்குச் சொல்லவில்லை, பரீட்சை என்பது பொய், மன்னித்துவிடு. இவ்வளவுதான் விஷயம். ஒரு கிராம் கூடுதலாக இல்லை. என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து வாங்கிப் படித்துவிட்டு மறுபடி அடுக்களைக்கே போய்விட்டாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"அவனுக்கு ஒரு பிரதி தபால்ல அனுப்பிடலாமே மச்சான்?"

"நானா அனுப்பினா பிரிக்காம திருப்பி அனுப்புவான். என் புள்ளை, எனக்குத் தெரியாதா? அவனா வாங்கணும். உன் பக்கத்தை அவன் ஒரு வாரம் விடாம படிக்கிறான்னு என் தங்கச்சி சொல்றா. மாமா சொன்னா வாங்கிடுவானாம். நீ போடு, போதும்."

இவ்வளவு பெரிய மனிதர் என்னிடம் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. வரலாறு பெட்டியில் தன்வரலாறும் சேர்த்தி என்பதால், அதற்கென்று உருகி உருகி எட்டு வரி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை கெட்டிக்காரப் பெண். ஒரே நேரத்தில் இரண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டு மூன்றாவது ஆளைத் திட்டுவாள்.

"சார், வரலாறு பெட்டி காலி இல்ல. முதலாளியோட சம்பந்தி குடையோட வரலாறு எழுதியிருக்காரு. எழுநூறு பக்கம்."

"நாவல் பெட்டி?"

"போன வாரமே பேசி முடிச்சாச்சு. சிறுவர் பெட்டி மட்டும்தான் காலியா கிடக்கு. வந்தது ஒரே ஒரு குழந்தைப் புத்தகம், அதையும் கிடங்குல எலி படிச்சிடுச்சு."

"அட்டையாவது மிச்சம் இருக்கா?"

"அட்டையைத்தான் முதல்ல படிச்சிருக்கு. அந்தப் பெட்டிக்குக் கீழ குழந்தைங்க பற்பசை விளம்பரம் சார். மேல புத்தகம் இல்லாட்டி விளம்பரம் இல்ல, விளம்பரம் இல்லாட்டி பக்கமே இல்ல." என் எட்டு வரியை ஒரு ஓட்டு ஓட்டினாள். "இதுல பூனை வருதில்ல?"

"வருது. ஆனா..."

"அப்புறம் என்ன சார்?"

பெயர் அச்சில் வந்தால் சரி, மகன் கண்ணில் பட்டால் சரி என்று நினைத்துத் தலையாட்டினேன். ஞாயிறு காலை பெட்டியில் வந்தது இரண்டே வரி: 'ஒரு கோபக்கார அப்பா, ஒரு பிடிவாதக்காரப் பையன், நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பூனை! ஆறு முதல் ஒன்பது வயது வரை.' பக்கத்தில் ஆசிரியை கைவசம் வைத்திருந்த பூனைப் படம். அதற்கு மீசை மட்டும் கொஞ்சம் அதிகம்.

மச்சான் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"மாப்ளே, ஒன்பது வயசுக்கு மேல படிச்சா புடிச்சு உள்ள போட்டுடுவாங்களா?"

"இல்ல மச்சான்..."

"அவனுக்கு முப்பத்திநாலுய்யா."

மறுநாள் ஆசிரியையிடம் போய், அடுத்த வாரமே சரியான பெட்டியில் மாற்றிப் போடச் சொன்னேன். "போன வாரம் குழந்தைக்குன்னு சொல்லிட்டு, இந்த வாரம் பெரியவங்களுக்குன்னு சொன்னா, யார் சார் நம்மளை நம்புவா?" என்று கேட்டாள். 

ஆனால் புத்தகம் ஓடத் தொடங்கியது. என் சிபாரிசில் அதுவரை ஓடிய புத்தகம் ஒன்றே ஒன்று; அதுவும் சாலையோரம் விரித்து வைத்திருந்தபோது மழை வந்து ஓடியது. இது அப்படி இல்லை. பள்ளிக்கூடங்கள் மொத்தமாக வாங்கின. பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் பொம்மையை நடுவில் வைத்துக்கொண்டு, "மேனேஜர், அம்மாகிட்ட சொல்லு, எனக்குக் கத்தரிக்காய் வேண்டாம்" என்று சொல்ல ஆரம்பித்தார்களாம். மச்சானை ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், மகனோடு பேசாமல் இருந்த காலத்தைக் கனத்த குரலில் வாசித்தார். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். ஒரு பையனுக்கு விக்கல் பிடித்து, தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

ஒரு குறை மட்டும் வந்துகொண்டே இருந்தது. கடைசி அத்தியாயம் வந்ததும் பிள்ளைகள் அழுகிறார்கள் என்று பெற்றோர்கள் பதிப்பகத்துக்குப் போன் செய்தார்கள். பதிப்பகத்து அம்மாள் மச்சானைத் தேடி வந்தாள். இரண்டாம் பதிப்பு, வண்ணப் படங்களோடு, பெரிய எழுத்தில்.

"ஒரே ஒரு அத்தியாயம்தான் சார். அதை மட்டும் எடுத்துடலாம்."

மச்சான் என்னைப் பார்த்தார். "என்ன பண்ணலாம் மாப்ளே?"

"முதல் பதிப்பு வந்து இத்தனை மாசம் ஆச்சு. அவன் எப்பவோ வாங்கிப் படிச்சிருப்பான் மச்சான். இனிமே அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

நான் சொன்னதை அவர் அப்படியே நம்பினார். வாழ்நாள் முழுக்க ஒரு எடைக்கல்லைக்கூட நிறுத்துப் பார்க்காமல் நம்பாத மனிதர்.

இரண்டாம் பதிப்பு வந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிறு காலை, மகன் என் மனைவிக்குப் போன் செய்தான். "அத்தை, அப்பா வீட்ல இருப்பாரா? பொண்ணு அவரைப் பாக்கணும்னு ஒரே அடம்."

நானும் மனைவியும் மச்சான் வீட்டுக்கு ஓடினோம். அவர் அன்று இரண்டு தடவை சவரம் செய்துகொண்டார். இருந்த ஒரே நல்ல நாற்காலியை முதலில் ஜன்னலோரம் போட்டார், பிறகு தன் நாற்காலிக்கு எதிரில் போட்டார், பிறகு அவ்வளவு நேர் எதிரில் வேண்டாம் என்று கொஞ்சம் கோணலாக்கினார்.

"படிச்சிட்டான் மாப்ளே. படிச்சதாலதான் வர்றான்" என்றார்.

மகன் வந்தான். காதோரம் நரைத்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. அவன் மகள், ஏழு வயது, மஞ்சள் அட்டை போட்ட இரண்டாம் பதிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே மச்சான் முன்னால் போய் நின்றாள்.

"நீங்கதான் கத்துற அப்பாவா?"

"ஆமாம்மா."

"அப்ப அந்தப் பையன் யாரு?"

மச்சான் மகனைப் பார்த்தார். மகன் ஜன்னலைப் பார்த்தான்.

"சும்மா ஒரு பையன்டா கண்ணு" என்றான்.

குழந்தைக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மச்சான் மகனிடம் மெல்லக் கேட்டார். "கடைசி அத்தியாயம்... படிச்சியா?"

"படிச்சேம்பா. இவ ஸ்கூல்ல குடுத்தாங்க, நான்தான் படிச்சுக் காட்டினேன். பூனை ஆபீஸ் நாற்காலியில ஏறி உக்காந்துகிட்டு எல்லாருக்கும் லீவு குடுத்துடுமே, அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சா."

"அது நான் எழுதினதில்ல. பதிப்பகத்துல சேர்த்தது."

"நல்லாத்தாம்பா இருக்கு."

மச்சான் எழுந்து அலமாரியைத் திறந்து முதல் பதிப்பை எடுத்து வந்தார். சாம்பல் நிற அட்டை. நீட்டினார். "இது பழசு. இதுல வேற மாதிரி முடியும்."

குழந்தை எட்டிப் பார்த்தது. "ஐயே, இதுல படமே இல்ல!"

மகன் வாங்கினான். முன்னால் இரண்டு பக்கம் புரட்டினான். பின்னால் போகவில்லை. பூப்போல மேசையில் வைத்தான். "ஒண்ணு இருக்கேப்பா, போதும். வீட்ல இடமில்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "எடுத்துட்டுப் போப்பா. இது பெரியவங்க படிக்க வேண்டியது."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நல்ல பையன், கிண்டல் எல்லாம் தெரியாது. "மாமா, நீங்கதானே சிறுவர் பெட்டியில போட்டீங்க? அதைப் பார்த்துட்டுத்தான், சரி, அப்பா குழந்தைங்களுக்கு ஏதோ எழுதியிருக்காருன்னு அப்ப வாங்காம விட்டுட்டேன். நீங்க போட்டா கரெக்டாத்தான் இருக்கும்."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. இப்போது தினமும் பார்க்கிறாள்.

மச்சான் வாயைத் திறந்தார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

"டீ குடிக்கிறியா?" என்றார்.

"இல்லப்பா, இவளுக்கு நீச்சல் கிளாஸ் இருக்கு."

போய்விட்டார்கள். குழந்தை மட்டும் தெருமுனை வரை கையாட்டிக்கொண்டே போனது. உள்ளே வந்து சாம்பல் அட்டைப் புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"வாயாலயே சொல்லியிருக்கலாமே மச்சான்?"

"வாயால வந்திருந்தா எதுக்குய்யா உக்காந்து புத்தகம் எழுதறேன்?"

பதிப்பகத்திலிருந்து கையெழுத்துக்காக வந்திருந்த மஞ்சள் அட்டைப் புத்தகங்கள் ஒரு கட்டு கிடந்தன. நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். 'அன்புடன் தாத்தா', 'அன்புடன் தாத்தா'. நான் மை காயும்வரை ஊதி ஊதி அடுக்கினேன். பாதிக் கட்டு முடிந்த பிறகு, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அந்தம்மா அடுத்த புத்தகம் கேக்கறாங்க மாப்ளே. இந்தத் தடவை நாய் வேணுமாம்."

"நீங்க நாயே வளத்ததில்லையே மச்சான்."

"சொன்னேன். பரவாயில்லையாம்."