விட்டு வைத்த ஃபைல்

சுஜிக்கு வயிறு எரிந்தது. மூன்று நாள் உட்கார்ந்து, அனகாபுத்தூரிலிருந்து தாம்பரம் வரும் பஸ்ஸில்கூட நோட்டில் கிறுக்கிப் பார்த்து அவள் எழுதிய புரோகிராம் அது. வகுப்பில் கூடப் படிக்கும் ஷெர்வின், உள்ளே இருந்த பெயர்களை மட்டும் மாற்றித் தன்னுடையது என்று கொடுத்துவிட்டான். இரண்டும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்ததும் வில்பிரட் சார் இருவருக்கும் பூஜ்யம் போட்டார். லேப் இன்டர்னலில் பூஜ்யம் என்றால் அரியர். அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூ பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது.

லேபில் சாரின் மேசை முன்னால் இருவரும் நின்றார்கள். ஷெர்வின் செய்ததை ஒப்புக்கொண்டான். அந்த ஒரு நல்ல காரியத்தையும் தரையைப் பார்த்துக்கொண்டேதான் செய்தான்.

"அவ தரல சார். பிரிண்டர் சிஸ்டத்துல கிடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

லேப் முழுவதற்கும் ஒரே பிரிண்டர். அது மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரில் ஃபைலைப் போட்டுத்தான் எல்லோரும் ரெக்கார்டுக்குப் பிரிண்ட் எடுக்க வேண்டும். அதற்குப் பாஸ்வேர்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எடுத்தபின் அழித்துவிட்டுப் போ என்று யாரும் சொன்னதும் இல்லை.

"கேட்டீங்கல்ல சார்? நான் குடுக்கல."

"அழிக்காம விட்டது யாரு, நீதானே? நாலு பேர் பொழங்குற இடத்துல விட்டுட்டுப் போனா குடுத்த மாதிரிதான்மா. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

ஷெர்வின் உடனே பேனாவை எடுத்தான். திருடியவனுக்கும் பறிகொடுத்தவளுக்கும் ஒரே தண்டனை. இதற்குக் கல்லூரி வைத்திருக்கும் பெயர் நேர்மை விதியாம். சுஜி பேனாவைத் தொடவில்லை. விறுவிறுவென்று போய் பிரிண்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தன்னைப் போல் எத்தனை பேர் விட்டுப் போயிருக்கிறார்கள் என்று காட்டத்தான் போனாள். திரை முழுக்க ஃபைல்கள். அதில் ஒரு பெயரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புகூட வந்தது, கோபத்தோடு.

"சார், கொஞ்சம் இங்க வாங்க."

வில்பிரட் சார் வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். 'வில்பிரட், செகண்ட் இன்டர்னல், கொஸ்டின் பேப்பர், ஃபைனல்'. திங்கட்கிழமை நடக்கவிருந்த தேர்வு. காலையில் அவரே பிரிண்ட் எடுத்துவிட்டு மறந்து போனது.

"அழிச்சிடும்மா." குரல் நன்றாக இறங்கியிருந்தது. கை மவுஸுக்கு வந்தது. சுஜி மவுஸை விடவில்லை.

"நான் திறக்கல சார். அழிக்கவும் மாட்டேன். ஹெச்ஓடி மேடம் வந்து பாக்கட்டும். விட்டுட்டுப் போனா குடுத்த மாதிரின்னு நீங்கதான சொன்னீங்க? இத யாருக்குக் குடுத்தீங்க?"